அரியர் வைத்தவர் குவாண்ட் படிக்கப் போகும்போது செய்யும் தவறுகள்

பெருந்துறை, கோபி, சங்ககிரிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் 6.5 சிஜிபிஏ வாங்கிவிட்டு, அமெரிக்காவில் குவாண்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் (சுருக்கமாகக் குவாண்ட்; கணக்கை வைத்து நிதிச் சந்தையை அலசும் துறை) முதுகலை படிக்க நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, இந்த மார்க்குக்கு சீட் கிடைக்குமா?" நான் பதிலுக்கு மார்க் ஷீட்டைக் கேட்பேன். மொத்த எண்ணைவிட, எந்தத் தாளில் விழுந்தார்கள் என்பதே முக்கியம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் அரியர் வைத்தவரைச் சேர்க்கைக் குழு மன்னித்துவிடும். கணக்கில் வைத்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் கணக்கில் வைத்தவன். மூன்றாம் செமஸ்டரில் டிபிடிஇ என்றாலே வகுப்பே அலறும். உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் சேர்ந்த தாள். எனக்கு இரண்டு முறை போயிற்று. அதிலுள்ள வெப்பச் சமன்பாட்டை மூன்றாம் முறை மனப்பாடம் செய்து தப்பித்தேன். பல காலம் கழித்துத்தான் தெரிந்தது: 1973இல் பிளாக்கும் ஷோல்சும் வெளியிட்ட ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைச் சமன்பாட்டில் மாறிகளை மாற்றி எழுதினால் வந்து நிற்பது அதே வெப்பச் சமன்பாடு! நான் தோற்ற தாளைக் கடந்துதான் இந்தத் துறைக்குள் நுழைய வேண்டும். முதல் வருடம் அந்த அரியரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விண்ணப்பித்தேன். ஐந்து இடத்திலும் நிராகரித்தார்கள்.

சிலர் இதற்கு நேர்மாறாகப் புலம்பித் தீர்க்கிறார்கள். மழை பொய்த்தது, தறி நின்றது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும், இரண்டு வாக்கியம் போதும். மூன்றாவது வாக்கியம், அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதாக இருக்க வேண்டும்.

ஜிஆர்இ நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் 170க்கு 170 வாங்கினேன் என்பது அதற்குப் பதிலாகாது. அந்தக் கணிதப் பகுதி பள்ளிக் கணக்குதான்; கால்குலஸே கிடையாது. சிஎஃப்ஏ என்ற நிதித் துறைத் தேர்வின் முதல் நிலையும் உங்களுக்கு நிதித் துறையில் ஆர்வம் உண்டு என்று காட்டுமே தவிர, கணக்கு வரும் என்று காட்டாது. ஐஐடிகள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல்-இல் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஸ்டோகாஸ்டிக் பிராசஸ் (காலத்தோடு தற்செயலாக மாறுபவற்றின் கணக்கு) ஆகிய பாடங்களை எடுங்கள். வீடியோ பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்குத்தான் மொத்த மதிப்பெண்ணில் 75 சதவீதம். சான்றிதழுக்கு மதிப்புத் தருவதும் அதுதான். கூடவே சி பிளஸ் பிளஸ், பைத்தான்.

புராஜெக்ட் என்றதும் ஆளாளுக்கு நிஃப்டியைக் கணிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் சரக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனி விலை வருகிறது. பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் என்சிடிஇஎக்ஸ் முன்பேரச் சந்தையின் மஞ்சள் ஒப்பந்தமோ தெலங்கானாவின் நிஜாமாபாத்தை அடிப்படையாகக் கொண்டது. இந்த இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளி எப்போது விரிகிறது? ஈரோட்டுக் குடோனில் நூறு மூட்டை வைத்திருப்பவர் முன்பேரத்தில் எவ்வளவு விற்று வைத்தால் விலைச் சரிவு அவரை அடிக்காது? மஞ்சள் மண்டியில் மாமாவோ சித்தப்பாவோ இருக்கும் வீட்டுப் பிள்ளையால் இதை எழுத முடியும். நேர்காணலில் யார் எப்படித் துருவினாலும் சமாளிக்கவும் முடியும்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். துறைத் தலைவரிடம் போனால், "நீயே எழுதிக் கொண்டு வா கண்ணு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்பார். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரியாதா? உங்களைப் பெயில் ஆக்கிய கணக்கு ஆசிரியரிடமே போங்கள். என்பிடெல் மதிப்பெண்ணையும் மஞ்சள் புராஜெக்டையும் காட்டி, ஒரு மாதம் அவகாசம் கொடுத்துக் கேளுங்கள். இரண்டாம் வருடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவர் அரியரையும் மறைக்காமல் எழுதினார். எனக்கு இடம் கிடைத்தது.

சிஜிபிஏ-யை நீங்களாக 2.5ஆல் வகுத்து நான்கு புள்ளி அளவுக்கு மாற்றிப் போடாதீர்கள். மாற்றச் சொல்லிக் கேட்காத இடத்தில் பத்துக்கு எவ்வளவோ அதை அப்படியே கொடுங்கள்.

கார்னகி மெலன், பரூக், பிரின்ஸ்டன் என்று உச்சியிலேயே எல்லா விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு, கடைசியில் பயந்துபோய், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் ஓரிடத்துக்குத் தோட்டத்துப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவது இன்னொன்று. பணத்தைப் பொறுத்தவரை இதுதான் ஆகப் பெரிய தவறு. அந்தப் படிப்பின் வேலைவாய்ப்பு அறிக்கையைத் தேடிப் பாருங்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் எந்த வேலைக்குப் போனார்கள் என்று இருக்க வேண்டும். கம்பெனிச் சின்னங்கள் மட்டும் வரிசையாக நின்று எண்ணிக்கை எதுவும் இல்லையென்றால், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.