செயின்ட் லூயிஸ் போகிறீர்களா? ஆர்ச்சைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பாதீர்கள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் செயின்ட் லூயிஸுக்கு வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறார்கள். சிகாகோவிலிருந்து சனிக்கிழமை விடிகாலை கிளம்பி, ஐந்து மணி நேரம் ஓட்டி, ஆர்ச் என்ற பெரிய எஃகு வளைவின் அடியில் நின்று கை வலிக்கப் போட்டோ எடுத்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுத்த ஊருக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தீர்ப்பு வரும்: "அங்க ஒண்ணுமே இல்லப்பா, ஒரு வளைவு இருக்கு, அவ்வளவுதான்." ஊர் மேல் தப்பில்லை. மிசிசிப்பிக் கரையில் நிற்கும் அந்த வளைவு ஊரின் கிழக்கு விளிம்பு. பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் மேற்கே சில மைல் தள்ளி ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் காசே இல்லாமல். குறைந்தது ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வாருங்கள். அது முடியாதென்றால் ஆர்ச்சுக்கு மேலே ஏறுவதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, ஆர்ச்சையே முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதிகமான தவறுகள் நடப்பது அங்கேதான். மேலே போகும் ட்ராமுக்கு நேரம் குறித்த டிக்கெட். கோடை வார இறுதிகளில் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், சாயங்காலம் வரை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கையை விரிப்பார்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள், விமான நிலையத்தில் செய்வது போலப் பையையும் ஆளையும் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டு வளைவின் கால் பக்கம் வாசலைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. 2018இல் இடத்தைப் புதுப்பித்ததிலிருந்து வாசல் மேற்குப் பக்கம், பழைய நீதிமன்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பூங்காவுக்குள் பார்க்கிங் கிடையாது. பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கராஜ்களில் ஒன்றில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். அன்றைக்கு கார்டினல்ஸ் அணிக்கு உள்ளூரில் பேஸ்பால் மேட்ச் இருந்தால் அந்த கராஜ்களின் கட்டணம் எங்கேயோ போய்விடும், மேட்ச் அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

அது லிஃப்ட் என்று நினைத்து அப்பா அம்மாவைக் கூட்டி வருவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வளைவின் உயரம் 630 அடி, ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே அகலமும் அதே 630 அடி. வடிவமைத்தவர் ஈரோ சாரினென். கட்டி முடிந்தது 1965இல், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. வளைந்து போகிற காலுக்குள் சாதாரண லிஃப்ட் ஏறாது இல்லையா, அதனால் டிக் பவுசர் என்பவர் லிஃப்டும் ராட்டினமும் கலந்த ஓர் ஏற்பாட்டை யோசித்தார். ஒரு ட்ராமில் எட்டுக் கூண்டுகள், கூண்டுக்கு ஐந்து பேர். கூண்டின் கதவு நான்கு அடி உயரம்தான், குனிந்து நுழைய வேண்டும். உள்ளே வெள்ளை உருண்டைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முழங்கால் உங்கள் முழங்காலைத் தொடும். ஏறும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கூண்டு தன்னை நிமிர்த்திக்கொள்ளும், அப்போது ஒரு சின்ன ஆட்டமும் சத்தமும் வரும், பயப்பட ஒன்றுமில்லை. ஏற நான்கு நிமிடம், இறங்க மூன்று நிமிடம். ஆனால் மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த நான்கு நிமிடம் ரொம்ப நீளம். கீழே டிக்கெட் தரும் இடத்தருகே கூண்டின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், சந்தேகம் இருப்பவர்கள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு இன்னொன்று: போக வர மொத்தம் நூற்றுக்கு நெருக்கமான படிகள் இருக்கின்றன, சக்கர நாற்காலி மேலே போகாது, மேலே கழிப்பறையும் கிடையாது.

மேலே என்ன இருக்கிறது? ஒரு குறுகலான, நடுவில் மேடாக வளைந்த அறை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல்கள். பக்கத்துக்கு 16. சாய்ந்த சுவரில் வயிற்றை வைத்துப் படுத்த மாதிரி குனிந்துதான் பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் 30 மைல் வரை தெரியும், மேகமோ மழையோ என்றால் வெறும் வெள்ளைதான். குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். பெரியவர்களுக்கு, என்னைக் கேட்டால், அடியில் போய் நின்று அந்த எஃகுத் தகட்டைக் கையால் தொட்டு அண்ணாந்து பார்ப்பதே போதும்.

ட்ராமில் இறங்கி வந்ததும் நேராகக் கடைக்குப் போய் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். வளைவுக்கு அடியில் நிலத்துக்குக் கீழே இருக்கும் மியூசியம் இலவசம், ஒரு மணி நேரமாவது வேண்டும். தெருவைத் தாண்டினால் பழைய நீதிமன்றம், அதுவும் இலவசம், நீண்ட புதுப்பிப்பு வேலைக்குப் பின் 2025இல் மறுபடி திறந்தார்கள். ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹேரியட்டும் அடிமைத்தளையிலிருந்து விடுதலை கேட்டுப் போட்ட வழக்கு 1847இலும் 1850இலும் விசாரணைக்கு வந்தது இந்தக் கட்டடத்தில்தான். இரண்டாவது விசாரணையில் ஜெயித்தார்கள். மேல்முறையீட்டில் அந்த வெற்றி பறிபோய், 1857இல் உச்சநீதிமன்றம் கறுப்பினத்தவர் இந்த நாட்டுக் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்பு எழுதியது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு இழுத்துச் சென்ற தீர்ப்புகளில் ஒன்று அது. ஆர்ச்சைப் பின்னணியில் வைத்து செல்ஃபி எடுக்க மட்டும் இதன் படிக்கட்டைப் பயன்படுத்துகிறார்கள், உள்ளே நுழைவதில்லை.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. முழு வளைவும் அதன் பின்னால் ஊரும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் ஆற்றைக் கடந்து இலினாய் பக்கம் போக வேண்டும், அங்கே மால்கம் மார்ட்டின் நினைவுப் பூங்காவில் ஒரு பார்வை மேடை இருக்கிறது. காலையில் போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வளைவின் மேல் விழும். சாயங்காலம் போனால் கறுப்பு நிழலாகத்தான் வரும், அதுவும் அழகுதான். இரவில் விளக்கொளியில் எடுக்கலாம் என்று மே மாதத்திலோ செப்டம்பரிலோ போய் ஏமாறாதீர்கள். மிசிசிப்பியை ஒட்டிப் பறவைகள் வலசை போகும் காலம் அது, அவை திசை குழம்பக் கூடாது என்று விளக்குகளை அணைத்துவிடுவார்கள்.

ஆற்றைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, ஆறு என்றால் எப்போதும் அதே இடத்தில் இருக்கும் என்று. செயின்ட் லூயிஸுக்குச் சற்று வடக்கே இருப்பதுதான் மிசிசிப்பியின் கடைசி அணையும் லாக்கும் (படகுகளை ஏற்றி இறக்கும் மதகு), அதற்குக் கீழே கடல் வரை தடுப்பு கிடையாது. மிசௌரி ஆறும் ஊருக்கு வடக்கே வந்து இதில் கலந்துவிடுகிறது. அதனால் நீர்மட்டம் ஏறி இறங்குவது கொஞ்சநஞ்சமில்லை: 30 அடி தாண்டினால் வெள்ளம் என்று கணக்கு, 1993இல் 49.58 அடி வரை போயிற்று. வசந்த காலத்தில் கரையோரச் சாலை தண்ணீருக்குள் போவதும், நீராவிப் படகு பாணியில் இருக்கும் அந்த உல்லாசப் படகுகள் ரத்தாவதும் புதிதில்லை. படகில் போக நினைத்தால் முந்தின நாள் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் பதித்த கற்கள் பாசி பிடித்து வழுக்கும், தண்ணீரின் இழுப்பும் அதிகம், சரக்குத் தோணிகள் வேறு வந்துகொண்டே இருக்கும். காலை நனைக்கலாம் என்று குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள்.

இனி ஃபாரஸ்ட் பார்க். சுமார் 1,300 ஏக்கர், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரியது. 1904இல் உலகக் கண்காட்சி நடந்த இடம். ஜூ, ஆர்ட் மியூசியம், மிசௌரி வரலாற்று மியூசியம், சயின்ஸ் சென்டர், இந்த நான்குக்கும் பொது நுழைவுக் கட்டணம் கிடையாது. இலவசம் என்றால் சுமாராகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். ஊர் மக்களும் சுற்றியுள்ள கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்களும் 1970களிலிருந்து சொத்து வரியோடு சேர்த்து இதற்காகத் தனியாக வரி கட்டி வருகிறார்கள், அந்தக் காசில்தான் நடக்கிறது. ஜூவில் 1904 கண்காட்சிக்காக ஸ்மித்சோனியன் கட்டிய பறவைக்கூண்டு இன்னும் நிற்கிறது, நடந்தே உள்ளே போகலாம், தலைக்கு மேல் பறவைகள். ஆர்ட் மியூசியத்தின் பழைய கட்டடம் அந்தக் கண்காட்சியில் நிரந்தரமாகக் கட்டப்பட்டது, மற்ற பிரம்மாண்ட அரண்மனைகள் எல்லாம் கண்காட்சி முடிந்ததும் இடிக்கப்பட்டன.

இங்கே செய்யும் தவறு இரண்டு. ஒன்று, நீண்ட வார இறுதியின் கடைசி நாளான திங்கட்கிழமைக்கு ஆர்ட் மியூசியத்தை ஒதுக்குவது. திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை இரவு வரை திறந்திருக்கும், அன்றைக்குப் போங்கள். இன்னொன்று, இலவசம் என்று பர்ஸைத் திறக்காமலே திரும்பலாம் என்று நம்புவது. ஜூவின் பார்க்கிங், ரயில், ராட்டினம் எல்லாவற்றுக்கும் காசு. காலையில் சீக்கிரம் வந்தால் பூங்காவுக்குள் தெருவோரத்திலேயே இலவசமாக வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்தோ டவுன்டவுனிலிருந்தோ மெட்ரோலிங்க் ரயிலிலும் வரலாம், ஃபாரஸ்ட் பார்க்–டிபாலிவியர் நிலையத்திலிருந்து வரலாற்று மியூசியம் நடக்கிற தூரம்தான். அங்கே தொங்கும் விமானத்தைப் பார்த்து லிண்ட்பர்க் 1927இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானம் என்று குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள், அது அதன் மாதிரி, அசல் இருப்பது வாஷிங்டனில். கோடையில் இரவு மியூனி திறந்தவெளி அரங்கில் இசை நாடகம் நடக்கும், பதினோராயிரம் இருக்கை உள்ள இடம், அதில் பின்வரிசைகளில் ஏறத்தாழ 1,500 இருக்கை ஒவ்வொரு காட்சிக்கும் இலவசம். முதலில் வருகிறவர்களுக்குத்தான், அதனால் வாசல் திறப்பதற்கு முன்பே வரிசையில் நில்லுங்கள்.

பொட்டானிக்கல் கார்டனும் இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, தனி இடம், டிக்கெட்டும் உண்டு. 1859இலிருந்து இருக்கிறது, ஜப்பானியத் தோட்டத்துக்காக மட்டுமே போகலாம்.

சிட்டி மியூசியம் என்ற பெயரைப் பார்த்து, ஊர் வரலாறு, கண்ணாடிப் பெட்டிகள் என்று நினைத்துப் புடவையிலும் செருப்பிலும் வருகிறவர்களை என்ன சொல்வது. பழைய ஷூ கம்பெனிக் கட்டடம் அது. பாப் கசிலி என்ற சிற்பி பழைய இரும்பு, குழாய், இடித்த கட்டடங்களின் துண்டு துணுக்குகளை வைத்து உண்டாக்கி, 1997இல் திறந்தார். குகைகளுக்குள் தவழ வேண்டும், கம்பிச் சுருளுக்குள் ஊர்ந்து போனால் அந்தரத்தில் நிற்கும் விமானத்துக்குள் போய் முடியும், கூரை விளிம்பில் ஒரு பள்ளிக்கூட பஸ் பாதி வெளியே தொங்குகிறது. ஷூக்களைக் கீழே அனுப்ப இருந்த சுருள் சரிவுதான் இப்போது பத்து மாடிச் சறுக்கு. வரைபடம் வேண்டுமென்றே கொடுப்பதில்லை. முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ, முடிந்தால் முழங்கால் பட்டை போட்டு வாருங்கள், குழந்தையை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வெளியே காபி குடிக்கலாம் என்ற திட்டம் பலிக்காது, அது ஏதாவது ஓட்டைக்குள் போய்விட்டால் நீங்கள்தான் பின்னாலேயே ஊர வேண்டும். குளிர்காலத்திலும் மழையிலும் கூரைப் பகுதியை மூடிவிடுவார்கள். எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, தேதி பார்த்துப் போங்கள்.

பெரும்பாலானவர்கள் பெயரே கேள்விப்படாத இடம் கஹோக்கியா. ஆற்றைத் தாண்டி இலினாயில், டவுன்டவுனிலிருந்து கால் மணி நேர ஓட்டம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பல ஆயிரம் பேர் வாழ்ந்த பூர்வகுடி நகரம், 1982இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மங்க்ஸ் மவுண்ட் என்ற மண்மேடு 100 அடி உயரம், அடிப்பகுதி மட்டும் 14 ஏக்கர், அவ்வளவு மண்ணையும் கூடையில் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். படியேறி மேலே நின்றால் தூரத்தில் ஆர்ச் தெரியும். செயின்ட் லூயிஸ் பக்கமும் இப்படி மேடுகள் இருந்தன. பெரியதை 1869இல் வெட்டித் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஜூலை வெயிலில் நிழல் துளிகூடக் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள்.

"அந்த ஊர் ரொம்ப ஆபத்தாமே" என்று பயந்து வராமலே இருப்பதும் ஒரு தவறுதான். 1876இல் நகரம் தன்னைக் கவுன்ட்டியிலிருந்து பிரித்துக்கொண்டது, அதனால் புறநகர்கள் எதுவும் நகரக் கணக்கில் வராது. நகரத்துக்குள் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர். குற்றங்களின் எண்ணிக்கையை அந்தச் சின்ன எண்ணால் வகுக்கும்போது ஆபத்தான ஊர்களின் பட்டியலில் மேலே போய்விடுகிறது. அதற்காகக் கவனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் கண்ணாடியை உடைத்துப் பையை எடுப்பது இங்கே உண்மையான தொல்லை, அதிலும் பழைய ரூட் 66 நெடுஞ்சாலையின் செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தில் நடக்க வருகிறவர்கள் மிசௌரி பக்கம் நிறுத்தும் வண்டிகள். சீட்டில் ஒரு சார்ஜர் வயர்கூட விடாதீர்கள். ராத்திரி டவுன்டவுனில் மேட்ச் இல்லாத நாளில் தெருக்கள் காலியாகிவிடும், சாயங்காலத்துக்கு டெல்மார் லூப் பக்கம் போங்கள், ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் சிலை அங்கேதான் இருக்கிறது.

கடைசியாகச் சாப்பாடு. 'த ஹில்' என்ற இத்தாலியப் பகுதியில் டோஸ்டட் ராவியோலி என்று தருவார்கள், பெயரில் டோஸ்ட் இருந்தாலும் எண்ணெயில் பொரித்ததுதான், பார்க்க நம் சோமாஸின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி, கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். சீஸ் வைத்தது சில இடங்களில் கிடைக்கும். உள்ளூர் பீட்சாவில் போடும் ப்ரோவெல் சீஸ் பல்லில் ஒட்டும், ஊர்க்காரர்களுக்கு அது உயிர், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. டெட் ட்ரூஸ் கடையில் விற்பது ஐஸ்கிரீம் இல்லை, ஃப்ரோஸன் கஸ்டர்ட், அதில் முட்டை மஞ்சள்கரு உண்டு, சுத்த சைவக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் 'கான்க்ரீட்' என்ற கெட்டியான கஸ்டர்டைக் கேளுங்கள், கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கையில் தருவார்கள். கோடை இரவில் வரிசை தெரு வரைக்கும் நீளும், ஆனால் வேகமாக நகரும். ஜனவரியில் வந்தால் கடை பூட்டியிருக்கும்.