கையெழுத்து ஃபான்ட்டில் ஒரு நன்றி அட்டை: முதல்முறை செய்பவர்களுக்கு

அச்செழுத்து விறைப்பாக நிற்கும். கையெழுத்து அப்படியில்லை. கொஞ்சம் சாயும், ஒரு எழுத்து வரியைவிட்டு ஏறும், அடுத்தது இறங்கும், சுழி ஒன்று பெரிதாகிவிடும். இந்த ஒழுங்கின்மையைத்தான் கையெழுத்து ஃபான்ட் நடித்துக் காட்டுகிறது. நடிப்பின் குட்டு எங்கே வெளிப்படும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பழகுவதற்கு ஒரு நன்றி அட்டை செய்வோம். ஏ6 அளவு, அதாவது 105 × 148 மில்லிமீட்டர். வேர்டு போதும்.

படி 1: முதலில் வாசகம்

ஃபான்ட்டைத் தேடிப் போவதற்கு முன் வாசகத்தை முடிவு செய்துவிடுங்கள். ஃபான்ட் தளங்களில் காட்டும் மாதிரி வரி எப்போதுமே அழகாகத்தான் இருக்கும். அந்த ஃபான்ட்டில் நன்றாக விழும் சொற்களையே பொறுக்கிப் போட்டிருப்பார்கள். நம் அட்டையில் பெரிதாக ‘நன்றி, தாத்தா’, அதன் கீழே சிறிய எழுத்தில் மூன்று வரி.

படி 2: ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து நிறுவுவது

தமிழுக்குக் கவிவாணரில் தொடங்கலாம். தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, சாய்ந்த கையெழுத்துச் சாயல், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கில வரி வேண்டுமென்றால் அங்கேயே கேவியட் இருக்கிறது, பால்பாயின்ட் பேனாவால் அவசரமாகக் குறித்த மாதிரி. பசிஃபிகோ தடித்த பிரஷ் எழுத்து. பெயர்ப்பலகைக்குப் பொருந்தும், நன்றி சொல்வதற்குக் கொஞ்சம் சத்தம் அதிகம். பதிவிறக்கி, ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் சரி.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பழைய அலங்காரத் தமிழ் ஃபான்ட்டுகள் பல பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய முறையில், செய்யப்பட்டவை. இன்றைய பொது முறையான யூனிகோடில் அடித்துவிட்டு அவற்றைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து மாறவே மாறாது. விண்டோஸ் தன்னோடு வரும் நிர்மலா என்ற ஃபான்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும். ஃபான்ட் கெட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம், யூனிகோட் ஃபான்ட்டா என்று பாருங்கள். உரிமத்தையும் அப்படியே ஒரு பார்வை. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றிருந்தால் இந்த அட்டைக்கு ஆகும், விற்கும் பொருளுக்கு ஆகாது.

படி 3: ‘தாத்தா’ சோதனை

‘தாத்தா’ என்று 48 புள்ளி (பாயின்ட்) அளவில் அடித்து உற்றுப் பாருங்கள். முதல் ‘தா’வும் கடைசி ‘தா’வும் அச்சு அசலாக ஒன்றே. பேனா பிடித்த எந்தக் கையும் அப்படி எழுதாது. குட்டு வெளிப்படும் இடம் இதுதான்.

கேவியட் போன்ற சில ஃபான்ட்டுகளில் ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்கள் உள்ளேயே உண்டு. வேர்டில் சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-டி அழுத்துங்கள். ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘யூஸ் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஆங்கிலச் சொல்லில் அடுத்தடுத்து வரும் இரண்டு ‘எல்’ அதன்பின் சற்றே வேறுபடும்.

மாற்று வடிவம் இல்லையென்றால் நாமே கொஞ்சம் கலைத்துவிடலாம். கடைசி ‘தா’வை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே பகுதியில் ‘பொசிஷன்’ என்பதில் ‘ரெய்ஸ்டு’, 1 புள்ளி. அளவையும் 48-லிருந்து 47 ஆக்குங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் போனால் குடித்துவிட்டு எழுதியது போல் ஆகிவிடும். ‘தா’வின் துணைக்காலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் தனியே பிய்ந்து புள்ளி வட்டத்தோடு நிற்கக்கூடும்.

படி 4: அளவும் இடைவெளியும்

இவ்வகை ஆங்கில ஃபான்ட்டுகளில் மேல்கோடும் கீழ்வாலும் நீளம், நடு உடல் குட்டை. அதனால் அதே 12 புள்ளியில் சாதாரண ஃபான்ட்டைவிடச் சிறிதாகத் தெரியும், தாராளமாகக் கூட்டுங்கள். வரி இடைவெளியையும் கூட்டுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் தொடாதீர்கள். 1953-இல் பிரான்சின் ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை வைத்து மிஸ்ட்ரல் என்ற ஃபான்ட்டைச் செய்தார். உலோக எழுத்துக் காலம் அது. ஓர் எழுத்தின் வால் முடியும் இடத்தில் அடுத்த எழுத்து தொடங்க வேண்டும், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும். அப்படி ஒட்டவைத்ததை நாம் இடைவெளியை ஒரு புள்ளி கூட்டிப் பிய்த்துவிடுகிறோம். நான் ஒருமுறை ஆங்கிலத்தில் ஒரு பெயரை அப்படி நீட்டி, 30 அட்டை அச்சடித்தேன். திரையில் கண்ணுக்குப் படவில்லை. தாளில் அறுந்த நூல் மாதிரி துண்டு துண்டாக வந்திருந்தது. ஆங்கிலத்தை முழுக்க கேப்பிட்டல் எழுத்திலும் அடிக்காதீர்கள், அவை சொல்லின் தொடக்கத்தில் மட்டும் நிற்க வரையப்பட்டவை. தமிழில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாததால் இந்தத் தொல்லை குறைவு.

படி 5: கீழே உள்ள மூன்று வரி

இதற்குச் சாதாரண ஃபான்ட், 11 புள்ளி. முகவரி, தேதி, தொலைபேசி எண் எதையும் கையெழுத்து ஃபான்ட்டில் போடாதீர்கள். 1-ஐயும் 7-ஐயும் குழப்பினால் யாருக்கும் லாபமில்லை. இன்னொரு கையெழுத்து ஃபான்ட்டைத் துணைக்குச் சேர்த்தால் இரண்டு பேர் ஒரே அட்டையில் எழுதியது போலிருக்கும்.

படி 6: ஒன்றே ஒன்று அச்செடுங்கள்

வாசகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கினால் அளவைக் கூட்டுங்கள், அப்போதும் தடுக்கினால் ஃபான்ட்டை மாற்றுங்கள். அடியில் 2 சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பெயரை அங்கே பேனாவால்தான் எழுதப் போகிறீர்கள்.