பஞ்சை ஒட்டினால் பனிக்காலம் ஆகிவிடுமா?

ஒரே மரம், நான்கு கட்டங்கள்: பூ, பச்சை இலை, ஆரஞ்சு இலை, மொட்டைக் கிளை. பருவங்கள் என்றதும் சிறு குழந்தைகளின் கையில் பெரும்பாலும் இந்தத் தாளைத்தான் கொடுக்கிறோம். குழந்தையும் கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டி, மொட்டைக் கிளையில் பனிக்காகப் பஞ்சையும் ஒட்டிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும் மரங்கள் உண்டு. மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டே பருவங்கள் கொண்ட நிலப்பகுதிகளும் உண்டு.

தாளை ஒதுக்கிவிட்டு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் உட்கார்ந்து வரையட்டும். பட்டையின் மேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்து எடுக்கட்டும். கீழே தேதி எழுதுங்கள். "ஒன்றும் மாறவில்லையே" என்று குழந்தை சொன்னால் அதையும் எழுதிவையுங்கள். ஒரே வாரத்தில் பருவங்களை முடித்துவிட நினைப்பது, காலையில் விதை ஊன்றி மாலையில் தோண்டிப் பார்ப்பது போல.

அடுத்தது, பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கும் தவறு: பூமி சூரியனை நெருங்கினால் கோடை, விலகினால் குளிர். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில்; அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். காரணம், பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. இந்த எண்ணை நான்கு வயதுக் குழந்தையிடம் ஒப்பிப்பதும் வீண்தான். டார்ச்சைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, வெளிச்ச வட்டத்தைப் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். பிறகு அதே தூரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வட்டம் நீண்டு பெரிதாகும், வெளிச்சம் மங்கும். அதே ஒளி அதிக இடத்துக்குப் பங்கு போகிறது. அந்த வயதுக்கு இது போதும்.

சற்று பெரிய குழந்தைகளுக்கு, பந்தில் குச்சியைச் செருகி விளக்கைச் சுற்றி வரும்போது, குச்சியை விளக்கின் பக்கமே திருப்பிக்கொண்டு போய்விடுகிறோம். அப்படிச் செய்தால் பந்தின் மேல்பாதிக்கு ஆண்டு முழுவதும் கோடைதான்! சாய்ந்த குச்சி எப்போதும் ஒரே சுவரைக் காட்ட வேண்டும்.

நிழல் அளப்பதானால் எல்லா மாதமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை அளப்பது பருவத்தை அல்ல, பொழுதை.

உதிரும் இலைக்கு யாரோ மஞ்சள் பூசுவதுபோல் கதை சொல்வதும் வேண்டாம். மஞ்சள் நிறமி இலையில் முன்பே இருந்தது. பச்சையம் சிதைந்த பிறகு கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு மட்டும் பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உருவாகிறது. காய்ந்த இலையைக் குழந்தை பழுப்பும் கறுப்புமாக வரைந்தால், ஆரஞ்சுக் கிரேயானை நீட்டாதீர்கள். இலையைக் கையில் எடுத்து அருகில் பாருங்கள். அந்தக் கறுப்புப் புள்ளிகள் அதில் இருக்கும்.