ராக் மேதைகளை ஒரே கிட்டாரில் அறிவது எப்படி: கொடைக்கானலில் ஒரு மாலைப் பயிற்சி

ராக் இசையில் யார் மேதை என்ற பேச்சு எழுந்தால், வேகமாக வாசிப்பவர்களின் பெயர்தான் முதலில் வரும். வேகம் சாதகத்தால் வந்துவிடும். கையிலோ கருவியிலோ இருந்த தடையையே தன் நாதமாக்கிக்கொண்டவர்கள் வேறு ரகம். அவர்களைக் கேட்டால் மட்டும் போதாது, வாசித்துப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டார், 010 செட் தந்தி (மிக மெல்லிய தந்தி 0.010 அங்குலம்), சுருதி காட்டும் டியூனர், சிறிய ஆம்ப் (ஒலிபெருக்கி), மருந்துக்கடை பிளாஸ்திரி இருந்தால் போதும். தந்திகள் அமரும் பாலம் (பிரிட்ஜ்) அசையாத கிட்டாராக இருக்கட்டும். ஸ்பிரிங் வைத்த மிதக்கும் பாலம் என்றால், ஒரு தந்தியை இறக்கும்போதே மற்ற ஐந்தும் ஏறிவிடும்.

வத்தலக்குண்டு வெயிலிலிருந்து மேலே வந்த கிட்டாரை உடனே வெளியே எடுக்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே மூன்று மணி நேரம் இருக்கட்டும். குளிரில் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். வாசிக்கத் தொடங்கியதும் கைச்சூட்டில் இறங்கும். அதனால் பத்து நிமிடம் வாசித்த பிறகே சுருதி சேருங்கள். ஓதம் ஏறிய வெளிச்சுவரிலும் கணப்படுப்பின் ஓரத்திலும் சாய்த்து வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் துருப்பிடித்த தந்தி முறுக்கும்போது அறுந்துபோகும் என்பதால், இறக்க வேண்டிய சுருதிகளை முதலில் முடித்துவிடுவோம்.

முதலில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இடக்கைக்காரரான அவர் வலக்கைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். பெரும்பாலும் அரைச் சுருதி (ஒரு ஸ்வரஸ்தானம்) இறக்கி வைத்தார். ஆறு தந்திகளையும் அரைச் சுருதி இறக்குங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். இப்போது தடித்த ஆறாம் தந்தியை அழுத்தாமல் திறந்தே விட்டு, ஐந்தாம் தந்தியில் 7ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை), நான்கில் 6, மூன்றில் 7, இரண்டில் 8 என அழுத்துங்கள். முதல் தந்தி ஒலிக்கக் கூடாது. திறந்த ஆறாம் தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், இதில் ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. நாட்டை ராகத்தில் அடுத்தடுத்து வரும் அந்த இரண்டு ஸ்வரங்களையும் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்கலாம். ஜாஸில் முன்பே இருந்த இந்தக் கார்டை (ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ராக்கின் அடையாளமாக்கியவர் அவர். கட்டைவிரலால் ஆறாம் தந்தியைப் பிடிக்கும் அவரது பழக்கத்தையும் முயன்று பாருங்கள்; விரல் எட்டவில்லை என்றால் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தவர் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி. இவர்தான் இந்தப் பயிற்சியின் மையம். 1965இல், 17 வயதில், பர்மிங்காம் தகடு ஆலையில் வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். அவரும் இடக்கைக்காரர் என்பதால் தந்தி அழுத்தும் விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்துகொண்டார். நீங்கள் தந்தி அழுத்தும் கையின் அதே இரு விரல்களிலும் பிளாஸ்திரியை மூன்று சுற்று சுற்றுங்கள். மூன்றாம் தந்தியை 7ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, பக்கவாட்டில் தள்ளி முழுச் சுருதி (இரண்டு ஸ்வரஸ்தானம்) ஏற இழுக்க முயலுங்கள். தொடுவுணர்வு இல்லாததால் விரல் வழுக்கும். தேவைக்கு மேல் அழுத்துவீர்கள். இப்போது எல்லாத் தந்திகளையும் இன்னும் ஒரு முழுச் சுருதி இறக்குங்கள்; ஆறாம் தந்தியிலிருந்து: சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, இ, ஜி ஷார்ப், சி ஷார்ப். வழக்கமான சுருதியோடு ஒப்பிட்டால் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கும். அதே இழுப்பு இப்போது எளிதாக வரும், ஒலியும் கனத்துவிடும். 1971இல் பிளாக் சப்பாத் இந்தச் சுருதியில்தான் பல பாடல்களைப் பதிவு செய்தது. தொளதொளத்த தந்தி ஃபிரெட்டில் உரசினால் கவலை வேண்டாம். ஒரு மாலைக்காக, கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைத் திருகாதீர்கள்.

பிளாஸ்திரியைக் கழற்றிவிட்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு வாருங்கள். ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு மற்றவற்றை ஐந்திலிருந்து ஜி, டி, ஜி, பி, டி என மெல்ல ஏற்றுங்கள். ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் முழுக் கார்டு. மேலே இரண்டு விரல் சேர்த்தால் இன்னொன்று. அவ்வளவுதான், ஆனால் தாளம் உடனே மாறிவிடும்.

குயின் குழுவின் பிரையன் மே கடைசியில் வரட்டும். 1963இல் தந்தையுடன் செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்துக்கு அவர் எடுத்தது பழைய கணப்படுப்பின் மேல்மரம். ஆறாம் தந்தியை மீண்டும் கட்டி, வழக்கமான சுருதிக்கு வந்து, அவரைப் போலவே ஓரத்தில் வரி வெட்டிய சிறு காசால் மீட்டுங்கள். காசைச் சாய்த்தால் கரகரக்கும், நேராகப் பிடித்தால் தெளியும். காசு தந்தியைத் தேய்க்கும் என்பதால் இதை முடித்தபின் தந்திகளை மாற்றிவிடுங்கள். புதுத் தந்தியையும் ஒவ்வொரு முறை வாசித்த பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கம் வரை துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள்.