மண்ணுக்குள் போகிற பைப்பும் ஊருக்கு ஊர் மாறும் பேச்சும்

பிளம்பிங் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் பைப்பைக் கோணலாக அறுப்பார்கள், சொல்யூஷனைக் கொஞ்சமாகத் தடவுவார்கள். கை பழகினால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதைப் பற்றி இங்கே பேசவில்லை. வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், பையன் அதைத் தன் ஊர்ப் பேச்சில் எடுத்துக்கொண்டு பைப்பைப் புதைத்துவிடுவான், மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிடும். நாங்கள் பழகிய காலத்தில் நடந்த அதே கூத்து இன்றைக்கும் நடக்கிறது.

‘டிரெயினேஜ்ல சேர்த்துரு’ என்றதும் சேர்த்துவிடுவது

சென்னையிலோ மதுரை டவுனுக்குள்ளோ டிரெயினேஜ் என்றால் பாதாளச் சாக்கடை. லெட்ரின், பாத்ரூம், சமையலறை எல்லாம் அதில்தான் போகும். பாதாளச் சாக்கடை வராத ஊர்களில் லெட்ரினுக்குத் தனியாக செப்டிக் லைன் இருக்கும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தெருவுக்குப் போகிற லைனைத்தான் அங்கே பல பேர் டிரெயினேஜ் என்கிறார்கள். விருதுநகர், நெல்லைப் பக்கம் என்றால் அது போய் விழுகிற தெருக் கால்வாய்க்கு வாறுகால் என்று பெயர்.

விருதுநகர் பக்கம் ஒரு வீடு. பின்கட்டில் புதிதாக ஒரு பாத்ரூம், லெட்ரினோடு சேர்த்து. வேலைக்கு வந்த பையன் சென்னை அடுக்குமாடிகளில் தொழில் பழகியவன், கை சுத்தம். வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து போனில், “தம்பி, பாத்ரூம் லைனை டிரெயினேஜ்ல சேர்த்துருங்க” என்றார். அவர் மனதில் இருந்தது குளிக்கிற தண்ணீர் மட்டும். பையன் “சரி சார்” என்று லெட்ரினையும் சேர்த்து ஒரே ‘Y’ துண்டு (இரண்டு லைனை ஒன்றாக்குவது) போட்டுக் கொண்டுபோய், கண்ணில் பட்ட முதல் சேம்பரில், அதாவது லைன்கள் வந்து சேருகிற மூடி போட்ட தொட்டியில், இறக்கிவிட்டான். அது வாறுகாலுக்குப் போகிற சேம்பர். செப்டிக் டேங்குக்குப் போகிற இன்னொரு சேம்பர் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்தது, அதை அவன் பார்க்கவே இல்லை.

எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிக்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் நடந்த சண்டையை விடுங்கள். டைல்ஸை உடைத்து, கான்கிரீட்டைப் பெயர்த்து, லைனை இரண்டாகப் பிரித்து மறுபடி போட வேண்டியிருந்தது. உடைத்த டைல்ஸுக்கு அதே நிறம் கடையில் கிடைக்கவில்லை. கூலியை யார் கொடுப்பது என்ற பஞ்சாயத்து வேறு.

இத்தனைக்கும் பையன் அந்த மூடியை நெம்பி ஒரு தடவை உள்ளே குனிந்து பார்த்திருந்தால் போதும். வாறுகால் சேம்பரில் சோப்பு நுரை காய்ந்து சாம்பல் நிறத்தில் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும், ஓரத்தில் சோற்றுப் பருக்கையும் தலைமுடியும் கிடக்கும். செப்டிக் சேம்பரின் வாடையே வேறு. அப்படியும் சந்தேகமா? வீட்டில் சொட்டு நீலம் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலந்து அந்த சேம்பரில் ஊற்றுங்கள், எங்கே நீலமாக வருகிறது என்று போய்ப் பாருங்கள். நீலம் தெருவில் வந்தால் அந்த லைனில் லெட்ரினைச் சேர்க்கக் கூடாது.

தலைகீழாகவும் செய்வார்கள். பயந்துபோய் குளியல் தண்ணீரையும் செப்டிக்கில் விட்டுவிடுவது. டேங்கில் தண்ணீர் குறைந்தது ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். லெட்ரினுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய டேங்கில் வாளி வாளியாக சோப்புத் தண்ணீர் போனால் கசடு படிய நேரமே இருக்காது. அது அப்படியே, டேங்கிலிருந்து வரும் தண்ணீர் மண்ணில் இறங்குகிற உறைக்குழிக்குப் போய் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். வீட்டுக்காரர் லாரிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஏன் என்று அவருக்குத் தெரியாது.

தெற்கே பழகியவன் சென்னைக்குப் போனால் வேறு வம்பு. அங்கே மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் லைன் மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்துடையது. ஊரில் மொட்டை மாடித் தண்ணீர் வாறுகாலில் போவதைப் பார்த்தவன், இங்கேயும் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து அதை டிரெயினேஜ் சேம்பரில் விடுவான். ஐப்பசி அடைமழையில் மெயின் லைன் நிரம்பியதும் தரைத்தள பாத்ரூமின் நஹானி டிராப் (தரையில் தண்ணீர் இறங்குகிற ஓட்டை) வழியாகச் சாக்கடை பொங்கி மேலே வரும். மாடித் தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். 2003-லிருந்து தமிழ்நாடு முழுக்க அது கட்டாயம்.

ஆகவே பெயரைக் கேட்காதீர்கள். “இந்தத் தண்ணி கடைசியில எங்க போய் விழணும்?” என்று கேளுங்கள், பதில் சொல்கிறவரைக் கையோடு கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் ‘அங்கணத் தண்ணி’ என்றால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். ‘சலதாரை’ என்றால் பழைய வீட்டுக் கழிவுநீர்ப் போக்கு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

எஸ்.டபிள்யூ.வும் எஸ்.டபிள்யூ.ஆரும்

முதலாவது ஸ்டோன்வேர் என்கிற சுட்ட மண் பைப், மேலே பளபளப்புப் பூச்சு, குட்டைத் துண்டுகளை சிமெண்ட் கலவையால் சேர்த்திருப்பார்கள். இரண்டாவது கழிவுக்கும் மழைத்தண்ணீருக்கும் போடுகிற பிவிசி பைப். பழைய வீட்டில் “கீழே எஸ்.டபிள்யூ. லைன்” என்று கேட்டுவிட்டு பிவிசி கப்ளரோடு (பைப்பை இணைக்கிற துண்டு) வந்து நிற்காதீர்கள், சேராது.

போனில் ‘நாலு இஞ்ச் பைப்’ என்று ஆர்டர் போடுவது

கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். எஸ்.டபிள்யூ.ஆரில் ஏ டைப் மழைத்தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும். லெட்ரின் கழிவுக்கு பி டைப், சுவர் கனம் அதிகம். வண்டி ஏறுகிற இடத்தில் புதைப்பதற்கு ஐ.எஸ். 15328 என்று அச்சடித்த பைப்பே இருக்கிறது. அச்சைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

‘லேசா வாட்டம் குடு’

வாட்டம் என்றால் சரிவு. லேசாக என்பது கொத்தனார் பாத்ரூம் தரைக்குச் சொல்கிற கணக்கு. நாலு இஞ்ச் பைப்புக்குப் பத்து அடிக்கு இரண்டு முதல் மூன்று இஞ்ச். நீள லைனுக்கு ரசமட்டம் போதாது, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடியுங்கள்.

மண்ணுக்குள் 90 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு)

வேண்டாம். இரண்டு 45 டிகிரி எல்போ, இல்லையென்றால் ஒரு சேம்பர்.

பைப்பின் மேல் செங்கல் துண்டும் கட்டிக் கலவையும் கொட்டி மூடுவது

மணல் போடுங்கள்.

படம் எடுக்காமல் மூடுவது

பள்ளத்தின் ஓரமாக டேப்பை விரித்து வைத்து, சுவரும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுங்கள். வீட்டுக்காரருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.