ஈயா, இல்லையா? இறக்கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் வாங்க

பெயரை நம்பினால் ஏமாந்துதான் போவோம். தேனீ, ஈ இல்லை. தென்னை ஓலையில் அப்பிக்கிடக்கும் வெள்ளை ஈயும் ஈ இல்லை. ஆனால் கொசு ஈ இனம்தான், நெல் குருத்தை வெங்காய இலை மாதிரி குழலாக்கிவிடும் ஆனைக்கொம்பனும் அதே இனம்தான். அதனால் பெயரை ஓரமாக வைத்துவிட்டு இறக்கையைப் பார்ப்போம்.

1. பூச்சி சேகரிப்பு

எதையும் பிடிக்கவோ கொல்லவோ வேண்டாம். காலையில் ஜன்னல் விளிம்பிலும் டியூப்லைட்டுக்குக் கீழேயும் செத்துக்கிடப்பதே போதும். வெள்ளைத் தாள், இரண்டு குண்டூசி, 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், அவ்வளவுதான் செலவு. செத்த தேனீயின் கொடுக்கும் குத்தும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

2. ஊறவைத்தல்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். காய்ந்த பூச்சி அப்பளம் மாதிரி. என் முதல் தேனீ, ஊசி பட்டதும் நான்கு துண்டாகிவிட்டது. மூடியுள்ள டப்பாவில் ஈரப்பஞ்சை வைத்து, பஞ்சில் படாமல் பூச்சியை ஒரு நாள் உள்ளே விட்டால் இறக்கை இளகிவிடும். இரண்டு மூன்று நாள் விட்டால் பூசணம் பிடிக்கும், அதற்குள் எடுத்துவிடுங்கள்.

3. எண்ணுதல்

இறக்கையுள்ள பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு இறக்கை. ஈ இனத்துக்கு இரண்டே. எண்ணினால் முடிந்தது என்று தோன்றும், ஆனால் தேனீயும் குளவியும் இங்கேதான் கண்ணைக் கட்டும். பின்னிறக்கையின் முன் விளிம்பில் வரிசையாகக் குட்டிக் கொக்கிகள் இருக்கும், அவை ரவிக்கைக் கொக்கி மாதிரி முன்னிறக்கையின் மடிப்பில் மாட்டிக்கொள்வதால் இரண்டும் ஒரே இறக்கையாகத் தெரியும். ஊசியால் மெல்ல விலக்குங்கள், பிரிந்து வந்தால் ஈ இல்லை.

4. குமிழைத் தேடுதல்

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஈயின் பின்னிறக்கை காணாமல் போய்விடவில்லை, குண்டூசி மாதிரி ஒரு காம்பும் தலையுமாகச் சுருங்கியிருக்கிறது. இந்தக் குமிழுக்கு ஹால்டியர் என்று பெயர். முதல்முறை பார்ப்பவர்கள் வீட்டு ஈயை எடுக்காதீர்கள், அதில் ஒரு வெளிர் மடல் குமிழை மூடியிருக்கும். கொசுவை எடுங்கள். அதைவிட நல்லது, மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் நீளக் காலைப் பரப்பிக்கொண்டு ராட்சதக் கொசு மாதிரி ஒரு பூச்சி உட்கார்ந்திருக்குமே (கடிக்காது, பாவம்), அதில் லென்ஸ் இல்லாமலே தெரியும்.

குமிழுக்கு என்ன வேலை? வீட்டு ஈ வினாடிக்குச் சுமார் 200 முறை இறக்கை அடிக்கிறது. குமிழும் அதே வேகத்தில், இறக்கைக்கு எதிர்த் திசையில் ஆடுகிறது. பறக்கும்போது உடம்பு திரும்பினாலோ உருண்டாலோ, ஆடிக்கொண்டிருக்கும் குமிழின் அடிக்காம்பு லேசாக முறுக்கப்படும்; அங்குள்ள உணர்விகள் அதை அறிந்து இறக்கைத் தசைக்குத் தகவல் அனுப்ப, அடுத்த சில அடிகளுக்குள் ஈ நிமிர்ந்துவிடும். குமிழை எடுத்துவிட்டால் ஈ நிலை தடுமாறும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்லியம் டெர்ஹாம் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் எழுதிவைத்தார். செருப்பை ஓங்கும்போது ஈ தப்பிக்கும் லாவகத்தில் இந்தக் குமிழுக்கும் பங்கு உண்டு.

5. மற்றவற்றோடு ஒப்பிடுதல்

பொன்வண்டு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் எந்த வண்டும் போதும். மேலே தெரியும் ஓடுதான் முன்னிறக்கை. அதைத் தூக்கினால் மடித்துவைத்த மெல்லிய பின்னிறக்கை. அப்படியே ஈக்குத் தலைகீழ்: வண்டு முன்னிறக்கையைக் கவசமாக்கிவிட்டுப் பின்னிறக்கையால் பறக்கிறது. வெட்டுக்கிளிக்கு முன்னிறக்கை தோல் மாதிரி, பின்னிறக்கை விசிறி மடிப்பு. வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி, ஓடு வேய்ந்தது போல இறக்கையை மூடியிருக்கும் செதில்கள். ஈசலுக்கு நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, உதிர்ந்ததைப் பொறுக்கித் தாளில் அடுக்கினாலே தெரியும்.

6. பரீட்சை

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டுப் பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவிய சுருள் வெள்ளை ஈயை, பாதிக்கப்பட்ட ஓலையின் அடிப்பக்கத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். மாவு பூசிய நான்கு இறக்கைகள், குமிழ் இல்லை. இது அசுவினி, மாவுப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளின் வகையறா.

அந்த மாவுப்பூச்சியில்தான் ஒரு குழப்பமும் உண்டு. பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, ஆணுக்கோ ஈயைப் போலவே இரண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும், ஆகவே வாலைப் பாருங்கள்: ஆண் மாவுப்பூச்சிக்கு இரண்டு நீள மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டினால் ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூச்சு பட்டாலே தாளைவிட்டுப் பறந்துபோகும் அளவுக்குச் சின்னது அது.