கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்பைத் தேடுவது எப்படி?

நான்கைந்து வெளி ஹார்ட் டிஸ்குகள் வைத்திருப்பவர்கள், பழைய கோப்பு ஒன்று வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கணினியில் செருகிப் பார்ப்பதே வழக்கம். டிஸ்க் இணைப்பில் இருக்கும்போதே அதிலுள்ள கோப்புகளின் பெயர், இருப்பிடம், அளவு, தேதி ஆகியவற்றைப் பட்டியலாகக் கணினியில் சேமித்துக்கொண்டால், பிறகு அந்த டிஸ்க் அலமாரியில் கிடந்தாலும் பட்டியலில் தேடிக்கொள்ளலாம். விண்டோஸில் இதற்கு ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருள் போதும். மேக், லினக்ஸ் பயன்படுத்துவோர் இதே வேலைக்கு ‘வர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ’ என்பதை நிறுவிக்கொள்ளலாம்.

பட்டியல் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலரும் தவறுவது இங்கேதான். நாம் எழுத்து எதுவும் ஒதுக்காத டிஸ்கை முதலில் செருகும்போது, அப்போது காலியாக உள்ள டிரைவ் எழுத்தையே (‘டி’, ‘இ’ போன்றது) விண்டோஸ் அதற்குக் கொடுக்கும். இதைக் கவனிக்காமல் நான் முதன்முறை மூன்று டிஸ்குகளுக்குப் பட்டியல் எடுத்தபோது, மூன்றிலும் எல்லாக் கோப்புகளும் ‘இ’ டிரைவில் இருப்பதாகவே பதிவாயின. தேடினால் கோப்பு கிடைத்தது, எந்த டிஸ்க் என்பது மட்டும் தெரியவில்லை. ஆகவே ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து, ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறந்து, அந்த டிஸ்கின் மேல் வலது கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ வழியாக ஒவ்வொன்றுக்கும் ‘பி’, ‘க்யூ’, ‘ஆர்’ என்று தனித்தனி எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். அதே எழுத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிஸ்கின் மேல் ஒட்டுங்கள்.

இனி எவ்ரிதிங்கில் ‘டூல்ஸ்’ மெனுவிலுள்ள ‘ஃபைல் லிஸ்ட் எடிட்டர்’ஐத் திறந்து, அதன் ‘எடிட்’ மெனு வழியாக டிஸ்க் முழுவதையும் கோப்புறையாகச் சேர்த்து, டிஸ்கின் எழுத்தையே பெயராக வைத்துக் கணினியில் சேமியுங்கள். பெயர்களும் சில எண்களும் மட்டுமே உள்ள சாதாரண உரைக்கோப்பு என்பதால் அது பெரிதாக இடம் பிடிக்காது. பின்னர் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘இண்டெக்ஸஸ்’, ‘ஃபைல் லிஸ்ட்ஸ்’ என்ற வரிசையில் சென்று அந்தக் கோப்பைச் சேர்த்து, ‘மானிட்டர் சேஞ்சஸ்’ என்பதையும் டிக் செய்துவிடுங்கள். இது கவனிப்பது சேமித்த பட்டியல் கோப்பை மட்டுமே, டிஸ்கை அன்று.

டிஸ்கைக் கழற்றிவிட்டுத் தேடிப் பாருங்கள். தேடல் முடிவில் ‘ஆர்’ என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அந்த ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்கை எடுக்க வேண்டும் என்று பொருள். டிஸ்கைச் செருகாமல் இருமுறை கிளிக் செய்தால் கோப்பு திறக்காது.

தேடப்படுவது பெயர் மட்டுமே, உள்ளடக்கம் அன்று. கேமரா தானாகச் சூட்டும் நான்கு எழுத்து, நான்கு எண் பெயர்களை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஆனால் படங்கள் ‘2017 அக்கா திருமணம்’ போன்ற கோப்புறையில் இருந்தால், ‘சர்ச்’ மெனுவில் ‘மேட்ச் பாத்’தைத் தேர்ந்தெடுத்து ‘திருமணம்’ என்று தட்டினாலே உள்ளே இருக்கும் அத்தனை படங்களும் வந்துவிடும்.

டிஸ்கில் எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ பட்டியல் தானாக மாறாது. கழற்றும் முன் புதிதாகப் பட்டியல் எடுத்து, பழைய பெயரிலேயே அதன் மேல் சேமித்துவிடுங்கள்.